ஈரப் படை

க்தினியா உலர்துறையில்
பகலெல்லாம் நான் பூசுவது கப்பலின் அடிவயிறு.
முகமூடி, சாரம், பீய்ச்சுக்குழல்,
ஒரு தெரு நீளத்துக்குச் சிவப்பு.
மேற்பார்வையாளர் ப்ரூனோன் கருவியை ஒட்டிவைத்துத்
தடிமனை மைக்ரானில் படிப்பார்.
இது உன் கை, அது அவன் கை என்று
பார்த்ததும் தெரிந்துவிட்டால்
இரண்டையும் சுரண்டி மறுபடி பூச வேண்டும்.
தனிப்பாணி என்பது அங்கே பழுது.

இரவில், சமையல் மேசையில்,
கட்டைவிரலின் மேல்கணு அளவே உள்ள ஒருவனை
மருந்துக் குப்பியின் மூடியில் ஒட்டி நிறுத்துகிறேன்.
அவனுக்குப் பெயர் கிடையாது. ஈட்டி உண்டு.

முதலில் கறுப்பு. மூக்குநுனி வரை கறுப்பு.
வெள்ளையில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.
எனக்கு இருட்டிலிருந்து ஆளை வெளியே அழைத்துவரத்தான் தெரியும்,
அதுவும் பாதி தூரம்.

அடுத்தது சேறு.
மற்றவர்கள் கடைசியில் பூசுவதில் நான் தொடங்குகிறேன்.
எந்த வழியாக நடந்து வந்தான் என்று தெரியாமல்
அவனுக்கு எந்த நிறத்தில் அங்கி கொடுப்பது?
முழங்கால்வரை சேறென்றால் அங்கியின் ஓரம் நைந்திருக்கும்,
அங்கி நைந்தவன் சம்பளம் வாங்கி மாதங்கள் ஆகியிருக்கும்,
ஆகவே ஆறு பித்தளைப் பொத்தான்களில்
இரண்டைப் பித்தளையாக்காமல் விடுகிறேன்.
விற்றிருப்பான்.

சாயம் நீர்மோர்ப் பதம்.
கொஞ்சம் கெட்டித்தாலும் முகத்தின் சுருக்கம் மூடிப்போகும்.
விட்ட மூச்சுக்கும் இழுக்கப்போகும் மூச்சுக்கும் நடுவே
ஒரு கோடு.
பீய்ச்சுக்குழலின் அதிர்வு விரலில் மிச்சமிருக்கும் இரவுகளில்
குதிரைகளை எடுப்பேன். புள்ளிக் குதிரைகள்.
விளக்கடியில் எதுவும் அழகுதான்.
நவம்பர் மாதத்துக் காலை ஏழு மணிக்கு
ஜன்னலில் வைத்துப் பார்க்க வேண்டும்,
நிற்கிறானா என்று.

கண் வைப்பதில்லை.
புருவத்துக்குக் கீழே ஒரு நிழல், அவ்வளவுதான்.
வைத்துப் பார்த்தவன்தான் நானும்:
வெள்ளைப் புள்ளி, அதற்குள் கறுப்புப் புள்ளி.
நாற்பது பேரும் திருடப் போய் மாட்டியவர்கள்போல்
திருதிருவென்று விழித்தார்கள்.
கை நீட்டும் தூரத்தில் யாருடைய கண்ணும் தெரிவதில்லை,
எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பது மட்டும் தெரியும்.
அதைக் கழுத்து சொல்லும்.

ஸோபோட் போட்டியில் நடுவர்
லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு எழுதினார்:
'கண்கள் முடிக்கப்படவில்லை.'
அந்தச் சீட்டு இப்போது சாயத்தட்டின் அருகில் இருக்கிறது.
தூரிகை துடைக்க நல்ல காகிதம்.

வியாழக்கிழமை. நூலகத்தின் நிலவறை. எட்டு மேசைகள்.
லுத்விகாவின் படை வரும்போதே வெயிலைக் கொண்டுவரும்,
விளிம்புக்கு விளிம்பு பொன்கோடு,
வாள்முனையில் விண்மீன்.
பகலில் அவள் பல்லுக்கு உறை செய்கிறவள்.
பளபளப்பு அவளுக்குச் சோறு போடுகிறது.
என் ஆட்களை 'நனைந்தவர்கள்' என்பாள்.
'பாவம், ஜலதோஷம் பிடிக்கப்போகிறது,
தலையையாவது துவட்டிவிடேன்.'
நான் எதிர்த்துப் பேசுவதில்லை.
வெளியே மழை பெய்துகொண்டிருக்கும், பெரும்பாலும்.

போன வாரம் என் கொடிக்காரன் வீழ்ந்தான்.
கைப்பற்றியவள் இரண்டு விரலால் தூக்கித்
தலைகீழாகத் திருப்பினாள்.

அடித்தட்டின் கீழே, யாரும் பார்க்காத இடத்தில்,
சீராக, தூரிகைத் தடம் துளியும் இல்லாமல்,
சிவப்பு.

'இங்கே எதற்கு? மேசையில்தானே படுகிறது?'

'நீர்மட்டத்துக்குக் கீழே,' என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஓரத்தை நகத்தால் தட்டினாள்,
பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல.
பிறகு அவனை என் பக்கத்திலேயே வைத்துவிட்டுப்
பகடையை உருட்டினாள்.

ஒன்று.